ரன்னிங் செக் மொழி படித்த கதை

உலகத்தில் உட்காரவே தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆயில்மேனாக இருந்தார். சும்மா அளப்பதாக நினைக்க வேண்டாம். கம்பெனி ஆண்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோக்கள் ஏழு என் வீட்டில் இருக்கின்றன. ஏழிலும் மூன்றாவது வரிசையில் புகை மாதிரி ஒன்று தெரியும். தலை எது, தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் புகைதான் ரன்னிங்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் வருவதற்குள் அவர் அடுத்த ஷெட்டுக்குப் போயிருப்பார். கேன்டீனில் தட்டோடு நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். சாம்பார் ஒரு மேசைப் பக்கம், ரசம் இன்னொரு மேசைப் பக்கம், மோருக்கு வரும்போது கை கழுவும் குழாயடியில் நிற்பார். மத்திகிரியில் எங்கள் இருவருக்கும் ஒரே காம்பவுண்டில் வாடகை வீடு. காலையில் டவுன் பஸ்ஸில் ஏறினால் முன் படிக்கும் பின் படிக்கும் இடையே உலாத்திக்கொண்டே வருவார். "நீ நடக்கற நடைக்கு ஓசூருக்கே போய்ச் சேந்திருப்ப, டிக்கெட்டு என்னாத்துக்கு எடுத்த?" என்று ஒரு கண்டக்டர் கேட்டே விட்டார். அவருக்கு முடி வெட்டுகிறவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காசு வாங்குவார். காது தப்பினால் போதும் என்ற பொறுப்பு அவருக்கு.

இப்படிப்பட்டவருக்கு ஆயில்மேன் வேலை கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது. கையில் எண்ணெய் கேனோடு ஷெட் ஷெட்டாக நடக்க வேண்டும். ஒவ்வொரு மிஷினிலும் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதில் எண்ணெய் மட்டம் தெரியும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும், அடுத்த மிஷினுக்குப் போக வேண்டும். கடைசி மிஷினுக்கு வருவதற்குள் முதல் மிஷினில் குறைந்திருக்கும். ஓய்வே கிடையாது. அவரும் கேட்டதில்லை.

சொந்த ஊர் சிங்காரப்பேட்டை பக்கம். வீட்டில் தமிழ், மாமனார் வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் பாதிப் பேரோடு கன்னடம். ஒரே வாக்கியத்தை மூன்று மொழியிலும் நடத்திப் போய் முடிப்பார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குவாலிட்டி இன்ஸ்பெக்டராக வந்து சேர்ந்த எனக்கு, அவர் என்னை அழைக்கும் 'ணா' மட்டும்தான் முதல் ஒரு வருஷம் புரிந்தது.

ரன்னிங் என்ற பெயர் நடையால் வந்தது பாதி, வாயால் வந்தது பாதி. எங்கள் கம்பெனித் தமிழில் 'ரன்' என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் ஷிஃப்டே நடக்காது. மிஷின் ரன் ஆகும். புது மிஷினுக்கு டிரையல் ரன். வேலைப் பொருள் இல்லாமல் சும்மா சுற்றினால் டிரை ரன். சுற்றும் உருளை ஒரு மயிரிழை கோணலாக ஆடினால் ரன் அவுட். நாங்கள் இதையெல்லாம் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் வீட்டுக்கும் எடுத்துப் போவார். பால் தீர்ந்தால் ரன் அவுட். குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் ரன்னிங். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பினால், "வூட்ல இன்னிக்கி டிரை ரன்ணா, நம்ம கேன்டீன்லயே ரெண்டு வேளையும் பாத்துக்கணும்" என்பார்.

இந்த நிலையில்தான் செக் நாட்டிலிருந்து, இரும்பில் துளை குடையும் ஒரு பெரிய போரிங் மிஷின் வந்து இறங்கியது. ஒரு சின்ன வீடு அளவுக்கு இருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட பாவெல் என்று ஒருவர் கூடவே வந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு, முட்டி வலி. ஷெட்டுக்குள் வந்ததும் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி மிஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். உட்காருவதென்றால் என்ன என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் இருபது சொல் இருக்கும். அதில் பாதி போல்ட்டும் நட்டும். போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார். மேனேஜருக்கும் அதே டப்பாதான்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். மிஷின் டெஸ்ட்டில் பாஸானதும் எங்களில் ஒருவரைச் செக் நாட்டுத் தொழிற்சாலைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். பாவெலோடு பேசிப் பழகத் தெரிந்தவருக்கு முன்னுரிமை. டிப்ளமோ படித்த மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் இருந்தார், அவரை நாங்கள் டிப்ளமோ என்றே கூப்பிடுவோம். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். ரன்னிங் மட்டும் பார்க்கவில்லை. அவர் அதற்குள் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். நடைபாதைக் கடையில் கிளிப்பச்சையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மறுநாளிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் கம்பெனிக்கு வந்தார். மத்தியான வெயிலில் வியர்வை ஸ்வெட்டரைத் தாண்டிச் சொட்டும். ஏன்யா இப்படி என்று கேட்டேன். உடம்பு பழக வேண்டாமா என்றார். குளிருக்குத்தானே பழக வேண்டும் என்றேன். முதலில் ஸ்வெட்டருக்குப் பழகட்டும், குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்தது மொழி. அதற்கு அவரிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. தமிழில் தண்ணீர் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, திருடன் ஓடுகிறான், குடும்பமும் எப்படியோ ஓடுகிறது. இங்கிலீஷ்காரனுக்கும் எல்லாம் ரன்தான். ஆக, செக் மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் பாதி மொழி கையில். இதுதான் அவர் திட்டம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பாவெலிடம் கை காட்டி, "ரன்?" என்றார். பாவெல் ஸ்டூலில் அசையாமல், "பியெஷீ" என்றார். ரன்னிங் அதை முதல் பக்கத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். பாதி மொழி முடிந்துவிட்டதாக அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் குழாயைத் திறந்து, "பியெஷீ" என்றார். பாவெல் இல்லை என்று தலையை ஆட்டினார். "தெச்செ." காலி எண்ணெய் கேனைக் கவிழ்த்துக் காட்டி, "பியெஷீ அவுட்?" என்றார். "தோஷெல்." நோட்டில் இரண்டு கோடு போட்ட இடம் அடிபட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் வேலை நடந்ததா, நாடகம் நடந்ததா என்று சொல்வது கஷ்டம். திருடன் ஓடுவதைக் கேட்க பாவெலின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு கேட் வரை போனார். செக்யூரிட்டி மடக்கி, பாக்கெட்டையெல்லாம் தடவிப் பார்த்து, தொப்பியோடு திரும்ப அழைத்து வந்தார். பாவெல் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு, "உதெக்ல்" என்றார். ரன் ஓவர், அதாவது ஆள்மேல் வண்டி ஏற்றிவிடுவதைக் கேட்க ஃபோர்க்லிஃப்ட் முன்னால் படுத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை அப்படியே விட்டு இறங்கி, இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குக் கிடைத்த சொல்லில் 'ர'வும் 'ஷ'வும் ஒரே நேரத்தில் வர வேண்டும். அதைப் பழகுகிறேன் என்று மூன்று நாள் அவர் போட்ட சத்தத்தில், நான்காவது மிஷின் ஆபரேட்டர் காற்றுக் குழாய் ஒழுகுவதாக கம்ப்ளெயின்ட் கொடுத்தார்.

அந்த வாரம் ரன்னிங் நிலை கொள்ளவில்லை. ஒரே ஓட்டத்துக்கு எத்தனை பேர்தான் வைப்பார்கள் என்று என்னிடம் வந்து சண்டை போட்டார். நானா வைத்தேன்? மத்திகிரி காம்பவுண்டில் மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கீழ் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினார். பிறகு ஒரு காலை, பஸ்ஸில் முன் படியிலிருந்து என்னை நோக்கி வரும்போதே முகம் தெளிந்திருந்தது.

"புடிச்சிட்டேன்ணா. அவங்க மொதல்ல பாக்கறாங்கோ. ஓடறது காலா, தண்ணியா, திருடனா, இல்ல தீந்தே போச்சான்னு நல்லாப் பாத்துட்டுதான் வாயத் தொறக்கறாங்கோ. நாம பாக்காமயே ஓட்டிடறோம்."

அன்றிலிருந்து நோட்டு வேகமாக நிரம்பியது. ஆறு வாரத்தில் பாவெல் வாயைத் திறந்தால் எல்லோரும் ரன்னிங்கைத் தேடினார்கள். மேனேஜரே, லிஸ்ட்டில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்பதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டார். டெஸ்ட் நல்லபடியாக முடிந்தால் போதும். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைக்கச் சொல்லி வீட்டுக்கு உத்தரவு போனது.

டெஸ்ட் என்றால் எழுபத்திரண்டு மணி நேரம் மிஷின் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணெய் குறைந்தால் அலறுகிற அலாரம் ஒன்று உண்டு, ஆனால் அந்தப் பெட்டி இன்னும் துறைமுகத்தைத் தாண்டவில்லை. எனவே மணிக்கொரு தரம் கண்ணாடியைக் கண்ணால் பார்த்துத் தாளில் 'ஓகே' எழுத வேண்டும் என்று பாவெல் ஏற்பாடு செய்தார். பகலுக்கு ரன்னிங் பொறுப்பு.

திங்கட்கிழமை காலை ஆரம்பித்தார்கள். புதன்கிழமை ஆயுத பூஜை. அன்று எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டார்கள். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். இந்த மிஷினை மட்டும் நிறுத்தக்கூடாது, அது டெஸ்ட்டில் இருக்கிறது, யாரும் அதன்மேல் எதையும் வைக்கவும் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஷெட்டில் முணுமுணுப்பு இருந்தது. வந்த முதல் வருஷமே பூஜை இல்லாமல் ஒரு மிஷின் ஓடுவது யாருக்கும் பிடிக்கவில்லை.

பூஜை முடிந்து, பன்னிரண்டு மணி வாக்கில் பொரி கடலைப் பாக்கெட்டும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மிஷின்களெல்லாம் மாலையோடு அமைதியாக இருக்க, அது ஒன்று மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பாவெல் சர்க்கரைப் பொங்கலோடு கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்திருந்தார். ரன்னிங் என்னைச் சுற்றி நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை விட்டார்.

"ணா. சத்தம் மாறுது."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவர் ஓடினார். அத்தனை வருஷத்தில் அவர் வேகமாக நடந்துதான் பார்த்திருக்கிறேன், அன்றுதான் ஓடிப் பார்த்தேன். பின்னாலேயே நானும் போனேன். எண்ணெய்க் கண்ணாடி மஞ்சளாக, நிறைந்துதான் இருந்தது. ரன்னிங் கட்டை விரலால் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மஞ்சள் விரலோடு வந்துவிட்டது. சந்தனம். உள்ளே கண்ணாடி வெறுமையாக இருந்தது.

காலையில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ரன்னிங்குக்கு, இதை மட்டும் மூளியாக விட மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டார். அத்தனை பெரிய மிஷினில் நெற்றி மாதிரி வட்டமாக இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். குங்குமம் உதிர்ந்துவிட்டது, சந்தனம் மட்டும் காய்ந்து எண்ணெய் நிறத்தில் நின்றது. மணிக்கொரு தரம் வந்து, தான் வைத்த பொட்டைத் தானே பார்த்து, 'ஓகே', 'ஓகே' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அடியில் ஒரு குழாய் கசிந்திருக்கிறது.

நான் அப்போது சொன்னதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"ஊத்திருய்யா. யாரும் பாக்கல. இன்னும் இருபது மணி நேரந்தான், ஓடிரும்."

கேன் அவர் கையிலேயே இருந்தது. மூடியைத் திறந்துவிட்டார். ஊற்றியிருந்தால் அநேகமாக மிஷின் ஓடியிருக்கும், டெஸ்ட் பாஸாகியிருக்கும், ஸ்வெட்டர் விமானம் ஏறியிருக்கும். உள்ளே பேரிங் எவ்வளவு தேய்ந்தது என்பது பாவெல் ஊருக்குப் போன பிறகுதான் தெரியவந்திருக்கும். ரன்னிங் நின்றார். காலும் கையும் ஆடாமல் நின்றார். பத்து விநாடி இருக்கும், எனக்குப் பயமாகிவிட்டது, மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோளைத் தொடப் போனேன். அவர் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

உறுமல் அடங்கியதும் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பொரிப் பாக்கெட்டோடு எல்லோரும் ஓடி வந்தார்கள். விஷயம் தெரியாமலே சந்தோஷப்பட்டார்கள். சாமியே மிஷினை நிறுத்திவிட்டது என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்ள, வரிசையாக எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். மேனேஜர் வியர்த்துப்போய் வந்தார். கரண்ட் தடுமாறியதாக எழுதிவிடலாமா என்று முதலில் அவர்தான் கேட்டார். ஆக, தப்பிக்க ரன்னிங்குக்குச் சாமியும் இருந்தது, மின்சாரமும் இருந்தது.

பாவெல் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்து, ஏன் நிற்கிறது என்று செக்கில் கேட்டார். ரன்னிங் நோட்டைப் புரட்டினார். ஓட்டத்துக்கு அதில் நாற்பது ஐம்பது சொல் இருந்தன. தப்பு செய்துவிட்டேன் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. "தோஷெல்" என்றார். எண்ணெய் தீர்ந்துவிட்டது. பிறகு சந்தனம் ஒட்டிய கட்டை விரலைப் பாவெல் முகத்துக்கு நேராகக் காட்டி, "யா" என்றார். அந்த மொழியில் நான் என்பதற்கு அதுதான் சொல். மேனேஜர் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"நான்தான் சார். பாக்காமயே ஓட்டிட்டேன்."

பாவெல் அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார். மிஷின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவினார். பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆகியிருக்கும் என்று விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். கசிந்த குழாயை மாற்றி, வெள்ளிக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவருடைய விமான டிக்கெட் ஒரு வாரம் தள்ளிப் போனது. அவர் கேட்டதெல்லாம் பொங்கல் இன்னும் இருக்கிறதா என்பதுதான். இந்த முறை எழுபத்திரண்டு மணி நேரமும் மிஷின் ஓடியது. ரன்னிங் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை, அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தார்.

டெஸ்ட் முடிந்த அன்று என் அளவு ரிப்போர்ட்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். பாவெல் உட்கார்ந்திருந்தார், ரன்னிங் மொழிபெயர்க்க நடந்துகொண்டிருந்தார். பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு. பாவெல் மேசையைத் தட்டித் தட்டி நாலைந்து நிமிஷம் பேசினார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும், என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார். ரன்னிங் ஜன்னல் பக்கம் போய்விட்டுத் திரும்பினார்.

"மிஷின் நல்லா இருக்குதாம் சார். டிப்ளமோவும் நல்ல ஆளுதானாம்."

மேனேஜர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். நாலு நிமிஷப் பேச்சுக்கு இதுதான் மொழிபெயர்ப்பா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுச் சொன்னார். மிஷினை ஓட்ட யாரை வேண்டுமானாலும் பழக்கிவிடலாம், நிறுத்தத் தெரிந்தவனைத்தான் அனுப்ப வேண்டும், இவனை அனுப்புங்கள் என்று பாவெல் சொன்னாராம்.

"அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானய்யா."

"அதெப்பிடிணா? என்னைப் பத்தி என் வாயாலயே நல்லவன்னு சொல்றது? வேற யாரைப் பத்தின்னா ஒரு எழுத்து வுடாம சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் நானே மேனேஜரிடம் போய் முழுசாகச் சொன்னேன். ஊற்றிவிடு என்று நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். டிப்ளமோவின் பேப்பர்கள் காலையிலேயே போய்விட்டன என்றார்.

டிப்ளமோ கிளம்புகிற நாளில் ரன்னிங் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒரு துணிக்கடைப் பையை நீட்டினார். உள்ளே கிளிப்பச்சை. வேண்டாம் என்று அவர் மறுத்ததற்கு, இது ஓசூர் வெயிலையே பார்த்துவிட்டது, அங்கே குளிரெல்லாம் இதை ஒன்றும் செய்யாது என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டு நடந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஷிஃப்ட் முடிந்து கேட்டில் போனை வாங்கியவர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். டிப்ளமோ ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சுற்றிலும் பனி. பாவெல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பச்சை ஸ்வெட்டரோடு டிப்ளமோ நிற்கிறார். ரன்னிங் முகத்தை விட்டுவிட்டு ஸ்வெட்டரை மட்டும் விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"ணா, நல்லாப் பாருங்க. இந்த ஒரு போட்டோலதான் நான் ஆடாம நிக்கறேன்."

அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, பிரிண்ட் போட்டு, அந்த ஏழு குரூப் போட்டோக்களுக்குப் பக்கத்தில் எட்டாவதாக மாட்டியிருக்கிறேன். நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஸ்வெட்டரைக் காட்டி, என் சிநேகிதர் என்று சொல்லிவிடுகிறேன்.